எந்தப் பர்சோன்

“என் வாழ்க்கை ரிசர்வேஷன் சார்ட் மாதிரிடா. பேரு, வயசு, எங்க ஏறினான், எங்க இறங்கறான், எல்லாத்தையும் பெட்டி மேலயே ஒட்டியாச்சு. எவன் வேணா படிச்சுக்கலாம். ரூஃபஸ்கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது.”

இந்தப் பிரகடனம் செய்யப்பட்ட இடம் ஹைதராபாத் உப்பலில் ஒரு மிர்ச்சி பஜ்ஜி வண்டி. வருடம் 2004. பிரகடனம் செய்தவர், செகந்திராபாத் ரயில் நிலையத்தில் முன்பதிவு குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற ரூஃபஸ். கையில் பாதி கடித்த பஜ்ஜியுடன் சொன்னார் என்பதால் அதன் கம்பீரம் குறைந்துவிடாது. உலகத்தில் பல பெரிய வாக்குறுதிகள் இதைவிட மோசமான தின்பண்டங்களோடு தரப்பட்டிருக்கின்றன.

அவர் சொன்னது வெறும் பேச்சல்ல என்பதையும் நியாயமாகப் பதிவு செய்யவேண்டும். ரூஃபஸின் தாத்தா காட்பாடிப் பக்கத்திலிருந்து ராணுவ பாண்டில் கிளாரினெட் வாசிக்க செகந்திராபாத் வந்தவர். அந்தக் குடும்பத்தில் எதையும் மெதுவாகச் சொல்லும் பழக்கமே இருந்ததில்லை. ரூஃபஸ் சம்பளச் சீட்டைத் தெருவில் நின்று வாசிப்பார். தமக்கு மூலத்துக்கு நடந்த அறுவை சிகிச்சையை, கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்று, கைச்சாடையோடு விளக்கியிருக்கிறார். கியூவில் இருந்தவர்கள் கடைசிவரை கேட்டார்கள். டிக்கெட் அவர் கையில் இருந்ததுதான் காரணம் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

அவர் வேலைக்காலம் முழுக்க வாழ்ந்தது மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்ளும் வீடுகள். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கேயிருந்து அவர் மனைவி ஐவி “ஆண்டவரே” என்பாள். அந்தரங்கமாக ஏதாவது சொல்லவேண்டுமென்றால், குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் சொல்வாள். தண்ணீர் வராத நாட்களில் அந்தக் குடும்பத்தில் ரகசியம் கிடையாது. மெட்டுகுடாவில் தண்ணீர் வந்த நாட்கள் குறைவு.

ஐவிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. நான்கு பக்கமும் சொந்தச் சுவர் உள்ள ஒரு வீடு. பெரிய வீடு வேண்டாம். அவளுக்குப் பிள்ளை இல்லை. அம்மா செத்தபோது கைக்குழந்தையாக இருந்த தம்பி ஃபிரெடியைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். அவன் வளர்ந்து மிஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டராகி, கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டான். இனி வீடு ஒன்றுதான் பாக்கி. ரூஃபஸ் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த மொத்தப் பணமும் அந்த வீட்டுக்குத்தான் என்று இருவரும் ஜெபம் செய்து முடிவெடுத்தார்கள். உப்பலில் ஒரு பில்டர் சின்னச் சின்னத் தனி வீடுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றைப் பார்த்து, சின்ன அட்வான்ஸும் கொடுத்து வைத்தார்கள்.

அதுவரை தங்க, மெட்டுகுடாவிலேயே ஒரு சந்தில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்தார்கள். குவார்ட்டர்ஸில் சுவர் மெல்லியதாக இருந்தது. இங்கே சுவர் என்பது ஒரு கருத்து மட்டுமே. பக்கத்துப் போர்ஷனில் தண்டபாணி இருந்தான். கோயமுத்தூர்க்காரன். சாஃப்ட்வேர் கம்பெனி வேலைக்காக மனைவி கனகவல்லியோடு புதிதாக ஹைதராபாத் வந்தவன். இந்தியைப் புத்தகம் வாங்கிப் படித்தவன். அதனால் இந்த ஊரில் மிகவும் கஷ்டப்பட்டான்.

அவன் குடிவந்த அன்று நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வீட்டுக்காரரிடம் வெள்ளையடித்தது எப்போது என்று கேட்டான். “பர்சோன்” என்றார் அவர். பர்சோன் என்றால் முந்தாநாள் என்று தண்டபாணியின் புத்தகம் சொல்லியிருந்தது. நம்பிச் சுவரில் சாய்ந்தான். முதுகெல்லாம் பழைய சுண்ணாம்புப் பொடி.

ரூஃபஸ் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டார். “தம்பி, இது ஹைதராபாத். இங்க பர்சோன்னா முந்தாநாள் இல்ல. நேத்துக்கு முன்னாடி என்னென்ன நாள் இருக்கோ அத்தனையும் பர்சோன்தான். நிஜாம் செத்ததும் பர்சோன், நான் போன வாரம் ஷேவ் பண்ணாம விட்டதும் பர்சோன்.”

“அப்ப நெசமான முந்தாநாளுக்கு என்னங்க சொல்றது?”

“அதுக்கும் பர்சோன்தான்.”

தண்டபாணி இதை ஒரு குறையாகக் கருதினான். ரூஃபஸ் வசதியாகக் கருதினார்.

வீட்டுக்கான பணம் சப்தலிபி டெக்னாலஜீஸ் என்ற கம்பெனியின் பங்காக மாறியது எப்படி என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஹைதராபாத்தில் பணம் தன்னால் அப்படி மாறிக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி டேப்பில் பேசுவார்கள். உப்பலில் உட்கார்ந்து பெண்கள் ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடித்து அனுப்புவார்கள். அதுதான் கம்பெனியின் தொழில். இதைக் கேட்டதும் ரூஃபஸுக்குப் புல்லரித்தது. “நோய் எங்கயோ, டைப் இங்க. நோய் நிக்காதுடா. அதனால கம்பெனியும் நிக்காது.” பில்டரிடம் பார்த்தது இரண்டு அறை வீடு. ஒரு வருடம் பொறுத்தால் மூன்று அறையாகும் என்று ஐவியிடம் சொன்னார். ஐவி, மூன்றாவது அறையில் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். இருக்க ஆள் யாரும் இல்லை. ஆனாலும் அறை வேண்டியிருந்தது.

ஃபிரெடியும் மாமா சொன்ன பங்கை வாங்கினான். தண்டபாணியும் கொஞ்சம் வாங்கினான். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், ரயில் நிலையத்துக்கு எதிரே ஈரானி ஓட்டலில் கடைசி மேஜையில் மூவரும் கூடி, கம்பெனியின் எதிர்காலத்தை ஆராய்ந்தார்கள். பெரிய முதலீட்டு நிறுவனங்கள் வரவு செலவு அறிக்கை பார்க்கும். இவர்கள் சேர்மனின் போட்டோவைப் பார்த்தார்கள்.

“மூஞ்சில ஒரு ஸ்டாமினா இருக்கு மாமா” என்பான் ஃபிரெடி.

“இப்ப ஆர்.ஏ.சி. உட்கார எடம் கிடைச்சிருக்கு. காஜிபேட் தாண்டினதும் படுக்கையே கிடைக்கும்” என்பார் ரூஃபஸ்.

ஆய்வை இன்னும் ஆழப்படுத்த, ஒரு சனிக்கிழமை மூவரும் பஸ் ஏறி உப்பல் போனார்கள். கம்பெனியின் வாசலுக்கு எதிரே நின்று பார்த்தார்கள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. “சத்தத்தைக் கேளு, கம்பெனி நல்லா ஓடுது” என்றார் ரூஃபஸ். வாட்ச்மேன் ஒரு காருக்கு சல்யூட் அடித்தான். ஃபிரெடி அந்த சல்யூட்டை ஒரு பி.டி. மாஸ்டரின் கண்ணோடு பார்த்துத் திருப்தி தெரிவித்தான். இப்படியாக அடிப்படை ஆய்வு முடிந்து, மூவரும் பஜ்ஜி வண்டிக்கு வந்தார்கள்.

தண்டபாணி பஜ்ஜியைத் தின்னவில்லை. சுற்றியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் மாறியது.

“சார், இதைப் பாருங்க. ஒரு அமெரிக்காக்கார அம்மாவோட கேஸுங்க. பேரு, அட்ரஸு, எல்லாமே இருக்குது. மூலம், தூக்கமில்ல, பழைய கர்ப்பம் ஒண்ணு கலைஞ்சிருக்குது. வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லியிருக்குதுங்க அந்தம்மா.”

பஜ்ஜிக்காரனைக் கேட்டார்கள். எதிரே இருக்கும் கம்பெனியில் பழைய பேப்பர் எடைக்குப் போடுகிறார்கள், நல்ல தாள், எண்ணெய் ஊறாது என்றான்.

“இது வெளிய தெரிஞ்சா முடிஞ்சுதுங்க” என்றான் தண்டபாணி. “அந்த ஊர்ல இதுக்குச் சட்டமே இருக்குது. பிரைவசி. ஆஸ்பத்திரிக்காரன் ஒருத்தன் கண்ணுல பட்டாப் போதும், காண்ட்ராக்ட்டையே நிறுத்திப் போடுவான்.”

ஃபிரெடி நக்கலாகச் சிரித்தான். “அந்தம்மா எங்க, உப்பல் எங்க. மூலம்னு தெரிஞ்சு நாம என்ன அந்தம்மா வீட்டு வாசல்ல போயி நிக்கப் போறமா? கைக்கு டென்ஷன்? எதுக்குக் கவலைப்படறே தண்டபாணி, பஜ்ஜி ஆறுது.”

அப்போதுதான் ரூஃபஸ் அந்தப் பிரகடனத்தைச் செய்தார். செய்துவிட்டு விளக்கமும் தந்தார். “ராத்திரி வண்டியில போற பொம்பளைங்க பேரு, வயசு எல்லாத்தையும் அச்சடிச்சு பிளாட்பாரத்துல ஒட்டறான் கவர்மெண்ட். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தி கேட்டாளா? பிரைவசிங்கறது அமெரிக்காக்காரனுக்கு வர்ற வியாதி தம்பி. அதையும் நம்ம கம்பெனியே டைப் அடிச்சு அனுப்பிடும்.”

தண்டபாணி அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை பங்கை விற்றுவிட்டான். அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. கனகவல்லியிடம் மட்டும் சாப்பிடும்போது சொன்னான். ஆகவே ரூஃபஸுக்கும் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு அவனை மேஜையில் வைத்து உரித்தார்கள். “பஜ்ஜி பேப்பர் படிச்சுட்டு பங்கை வித்த ஒரே இன்வெஸ்டர்” என்று ஃபிரெடி பட்டம் கொடுத்தான். அந்த மாதமே பங்கின் விலை ஏறியது. அதற்கடுத்த மாதம் இன்னும் ஏறியது. தண்டபாணி ஈரானி ஓட்டலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். சரியாகச் சொன்னவனை நம் மக்கள் மன்னிப்பதுண்டு, முன்கூட்டியே சரியாகச் சொன்னவனை மட்டும் மன்னிப்பதில்லை.

ஐவி அப்போதே சொன்னாள். “போதுங்க. வித்துட்டு வீட்டை முடிச்சுடலாம். மூணாவது ரூம் யாருக்கு வேணும்.”

“நக்கோ, இப்ப வேண்டாம். இன்னும் கொஞ்சம்.”

இந்த இன்னும் கொஞ்சத்தில் ஒரு வருடம் போனது. பில்டர் மீதிப் பணம் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். மாதம் முடிவதற்குள் பணம் வராவிட்டால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். ரூஃபஸின் சொத்து என்று உலகத்தில் இருந்தது அந்தப் பங்குகள் மட்டும்தான்.

கவுஸ் பாய் வந்து பேசியது அப்போதுதான். அவர் மெட்டுகுடாவில் இருந்தவர், சேர்மனின் கார் டிரைவர். குல்பர்கா தர்காவுக்கு உருஸ் திருவிழா சமயத்தில் வருடாவருடம் ரூஃபஸ் அவருக்கு பெர்த் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த நன்றியைத் தீர்க்க கவுஸ் பாய்க்கு இத்தனை நாள் வாய்ப்பு வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பங்சர் கடைக்கு எதிரில் காரை நிறுத்திவிட்டு ரூஃபஸை ஓரமாக அழைத்தார்.

“ரூஃபஸ் சாப், ஆப்கா பைசா உஸ் கம்பெனி மே ஹை நா? சாப் பர்சோன் பூரா பேச் டாலே.”

உங்கள் பணம் அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறது, சேர்மன் தன் பங்கு முழுவதையும் விற்றுவிட்டார், பர்சோன்.

ரூஃபஸ் சிரித்தார். பர்சோன் என்றால் பழைய கதை என்பது நாற்பது வருடப் பழக்கம். கம்பெனி தொடங்கிய காலத்தில் கொஞ்சம் விற்றிருப்பார், அதைத்தான் கவுஸ் பாய் இன்று நினைவுகூர்கிறார் என்று எடுத்துக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தவர், இரண்டடி போய்த் திரும்பினார். பெர்த் இருக்கிறதா என்று மறுபடி கேட்கும் ஆளை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர் அவர்.

“கோன்சா பர்சோன், பாய்?” எந்தப் பர்சோன்?

“அஸ்லி பர்சோன்” என்றார் கவுஸ் பாய். “ஜும்மேராத்.”

அசல் முந்தாநாள். வியாழக்கிழமை.

பிறகு கவுஸ் பாய் மீதியைச் சொன்னார். போன வாரம் அமெரிக்க ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கம்பெனியைச் சுற்றிக் காட்டினார்கள், ஏசி அறையில் மாலை போட்டார்கள். எல்லாம் முடிந்து காரில் ஏறும்போது அந்த இருவரும் தெருவைக் கடந்து பஜ்ஜி வண்டிக்குப் போனார்கள். பஜ்ஜி வாங்கவில்லை. தாளை மட்டும் வாங்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். வியாழக்கிழமை சேர்மனை ஒரு பெரிய புரோக்கர் ஆபீஸுக்கு கவுஸ் பாய்தான் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது சேர்மன் போனில், முடிந்தது, முழுக்க முடிந்தது என்று யாருக்கோ சொன்னார். டிரைவருக்குக் காது இருக்கிறது என்பதை முதலாளிகள் நினைப்பதில்லை. அது அவர்களுடைய பிரைவசிக் கொள்கையில் உள்ள ஓட்டை.

சேர்மன் விற்றால் அதை உலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அறிவிப்பார். சட்டம் தரும் அவகாசத்தை முழுதாக அனுபவித்துவிட்டு அறிவிப்பார். அதுவரை உப்பலில் ஜெனரேட்டர் ஓடும்.

ரூஃபஸ் வீட்டுக்கு வந்து நேராகப் போய்க் குழாயைத் திறந்தார். ஐவி திடுக்கிட்டாள். அவர் அந்தக் குழாயை அதற்காகத் திறந்ததே இல்லை. தண்ணீர்ச் சத்தத்துக்குள் விஷயத்தைச் சொன்னார்.

“திங்கக்கிழமை கதவு திறந்ததும் வித்துடுங்க” என்றாள் ஐவி. “நாளைக்கே ஃபிரெடிகிட்டயும் சொல்லிடுங்க. அவனும் வித்துடட்டும்.”

ரூஃபஸ் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்தார்.

“என்னங்க?”

“அவன்கிட்டச் சொன்னா ஸ்கூல் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லுவான். அங்க பாதிப் பேரு இதைத்தான் வாங்கி வெச்சிருக்காங்க. சின்னப் பங்கு ஐவி. நாலு பேரு ஒண்ணா விக்கப் போனா அன்னிக்கே விலை விழுந்து, வாங்கறவன் கதவைச் சாத்திடுவான். நம்ம பங்கு விக்காது. வீடு போயிடும்.”

“அவனை நான் தூக்கி வளர்த்தேங்க. சொல்லுவீங்களா மாட்டீங்களா?”

“ஹவ், சரி. சொல்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா சொல்றேன்.”

தண்ணீர் நின்றுவிட்டது. மெட்டுகுடாவில் அது தன் நேரத்தில்தான் நிற்கும்.

ரூஃபஸ் சத்தியத்தை மீறுகிறவர் அல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்து ஈரானி ஓட்டலில் தேநீர் வந்ததும், ஃபிரெடியிடம் சொன்னார்.

“டேய், ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். சேர்மன் தன் பங்கையெல்லாம் வித்துட்டாராம்.”

ஃபிரெடி கோப்பையைக் கீழே வைத்தான். “எப்ப மாமா?”

“பர்சோன்.”

தண்டபாணி அந்த மேஜையில் இருந்திருந்தால், புத்தகத்தில் படித்த இந்தியை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே எழுந்து ஓடியிருப்பான். அவன் இல்லை. இருந்தது செகந்திராபாத்தில் பிறந்து, செகந்திராபாத்தில் வளர்ந்து, இந்த ஊர்ப் பேச்சில் ஊறிய ஃபிரெடி.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “பர்சோனா? நானும் பயந்துட்டேன் மாமா. அதெல்லாம் பழைய கதையா இருக்கும், இவனுங்க இப்பத்தான் கிளப்பி விடறானுங்க. பயந்தவன் விப்பான், விலை ரெண்டு நாளைக்கு எறங்கும். அதுதான் வாங்கற நேரம். கூட்டுறவு சங்கத்துல லோன் வந்திருக்கு. நாளைக்கே இன்னும் கொஞ்சம் போடலாமா?”

ரூஃபஸ் சர்க்கரை கலந்த தேநீரை மறுபடி கலக்கினார். கலக்கி முடிக்க வெகுநேரமானது. எந்தப் பர்சோன் என்று ஃபிரெடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று அவருக்காக வாதாட விரும்புகிறவர்கள் வாதாடலாம்.

“உன் இஷ்டம்டா” என்றார்.

வீட்டில் ஐவி காத்திருந்தாள். “சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“சிரிச்சான்.”

ஐவிக்குப் புரியவில்லை. ஆனால் தம்பி சிரித்தான் என்பதில் ஒரு நிம்மதி. அன்று மத்தியானம் அவள் உப்பல் வீட்டுக்குத் திரைச்சீலை எந்த நிறத்தில் வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை ஜெனரல் பஜாரில் ஒரு புடவைக் கடை மாடியில் இருந்த புரோக்கர் ஆபீஸில், கடைப் பையன் ஷட்டரைத் தூக்கும்போதே ரூஃபஸ் படியில் நின்றார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஆளிடம், முழுக்க விற்கவேண்டும் என்றார்.

“முழுக்கவா சார்? இதுல வாங்கற ஆளே கம்மி. பார்த்துப் பார்த்துத்தான் போடணும்.” அவர் திரையைப் பார்த்துவிட்டு, “இன்னிக்குப் பரவால்ல. வாங்கறாங்க” என்றார். பிறகு தொலைபேசி மணி அடித்தது. எடுத்துப் பேசி, எழுதிக்கொண்டு, வைத்தார். “வேடிக்கையைப் பாருங்க சார். உங்க மச்சான்தான், ஸ்கூல்ல இருந்து. நீங்க விக்கறீங்க, அவர் வாங்கறாரு.”

“சின்னப் பையன்” என்றார் ரூஃபஸ். “ஸ்டாமினா இருக்கு. நீங்க போடுங்க. நான் விக்கறது அவனுக்குத் தெரிய வேண்டாம்.”

பங்குச் சந்தையில் ஒருவர் விற்ற பங்கு யார் கைக்குப் போனது என்று விற்றவருக்குத் தெரியாது. அந்தத் தொழில் சாமானியனுக்குக் கொடுத்திருக்கும் ஒரே பிரைவசி அதுதான். ரூஃபஸ் அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார். அன்று மாலைக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

அந்த வாரக் கடைசியில் இரண்டு செய்திகளும் ஒன்றாக வந்தன. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டன. சேர்மன் ‘சொந்தக் காரணங்களுக்காக’ விற்றிருக்கிறார். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் விலை விழுந்து, வாங்க ஆளில்லாமல் பூட்டிக்கொண்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. விற்பவர் வரிசை மட்டும் நீண்டது. ஃபிரெடி பள்ளி முடிந்ததும் தினமும் அந்த மாடிக்குப் போய், மூடின கவுண்டர் முன் வெயிட்டிங் லிஸ்ட்காரன் நிற்பதுபோல நின்றான். உப்பலில் ஜெனரேட்டர் நின்றது. டைப் அடித்த பெண்கள் கடைசிச் சம்பளம் கேட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். பஜ்ஜிக்காரன் தெலுங்குப் பேப்பருக்கு மாறினான்.

சங்கத்துக் கடன் ஃபிரெடியின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. பிள்ளைகள் இருவரையும் கட்டணமில்லாத பள்ளிக்கு மாற்றினான். ஸ்கூட்டரை விற்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரானி ஓட்டலில் ரூஃபஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தனக்காக அழவில்லை.

“அக்கா வீடு போச்சே மாமா. நான் சம்பாதிச்சுக்குவேன். நீங்க ரிட்டயர்டு ஆள், என்ன பண்ணுவீங்க. உங்களை நினைச்சாத்தான் தூக்கம் வரல.”

அந்த இடத்தில் வேறொரு மனிதன் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். ரூஃபஸ் தலையைக் குனிந்து, “என்னடா பண்றது, எல்லாரும்தான் போனோம்” என்றார். தேநீருக்கு ஃபிரெடிதான் காசு கொடுத்தான். மாமாவிடம் இனி ஏது பணம்.

ஐவிக்கு ஒரு மாதம் கழித்து, தானாகவே எல்லாம் புரிந்தது. தம்பி ஞாயிறு மதியம் சாப்பிட வந்தபோது பேச்சுவாக்கில், “மாமா பர்சோன்னுதானே சொன்னாரு, நான்தான் மடையன்” என்றான். ஐவி ரூஃபஸைப் பார்த்தாள். தம்பி தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அவன் போன பிறகும் குழாயைத் திறக்கவில்லை. திரைச்சீலை பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உப்பல் வீடு வந்தது. ரயில்வேயிலிருந்து ஏதோ பழைய பாக்கி வந்ததாக ரூஃபஸ் சொல்லிக்கொண்டார். எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று யாரும் கேட்கவில்லை. எதையும் மறைக்காத மனிதர் என்று பெயர் எடுத்தவரிடம் மேற்கொண்டு கேட்பது அநாகரிகம். நான்கு பக்கமும் சொந்தச் சுவர். அடுத்த வீடு இன்னும் கட்டி முடியவில்லை. அங்கே யாரும் தும்மவில்லை.

புதுவீட்டு ஜெபத்துக்குச் சபையார் எல்லாரும் வந்தார்கள். ஃபிரெடி இரண்டு பஸ் மாறி எல்லோருக்கும் முன்னால் வந்து, வாடகை நாற்காலிகளை இறக்கிப் போட்டு, சமையல்காரனோடு சண்டை பிடித்து, பிறகு முன்வரிசையில் உட்கார்ந்தான். கிளாரினெட் குடும்பத்து வழக்கப்படி பாட்டு உரக்கவே நடந்தது. பாட்டு முடிந்ததும் போதகர் வேதாகமத்தை மூடி வைத்தார். இந்த மாதிரி ஜெபங்களில், ஆண்டவர் இந்த வீட்டை எப்படித் தந்தார் என்று வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொல்லவேண்டும். அது முறை.

“ரூஃபஸ் ஐயா, சாட்சி சொல்லுங்க.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. “பிரியாணி ஆறிடும் ஐயா, மாமா லேசுல விடமாட்டாரு” என்றான் ஃபிரெடி. எல்லோரும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

ரூஃபஸ் எழுந்து நின்றார். போதகரைப் பார்த்தார். புதுச் சுவரைப் பார்த்தார். ஐவி சமையலறைக் கதவருகே, தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். முன்வரிசையைப் பார்க்காமல் இருக்க அவருக்கு வேறு இடம் இருக்கவில்லை. வாயைத் திறந்தார். கூட்டம் காத்திருந்தது. ஒரு குழந்தை ஏதோ கேட்டது, அதன் அம்மா அதட்டினாள்.

“தொண்டை சரியில்ல ஐயா” என்றார் ரூஃபஸ், தெருவரை கேட்டுப் பழகிய குரலை மிகவும் தாழ்த்தி. “நீங்களே ஜெபம் பண்ணி முடிச்சுடுங்க.”

ஃபிரெடி எழுந்து உள்ளே ஓடி, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

“குடிங்க மாமா. மெதுவா. அவசரம் ஒண்ணுமில்ல.”

ரூஃபஸ் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.